அக்காவின் கலியாண வீடியோவில் கிற்றார் வாசித்தது யார்

பிள்ளைகள், போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவின் கலியாண வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவிலான் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா மேசையிலை குனிஞ்சு கையெழுத்து வைக்கிறார். கிற்றார்ச் சத்தமும் கேக்குது. அப்ப வாசிக்கிறது ஆர்?"

"அப்பாதான்" என்றாள் சின்னவள்.

"ரெண்டு கையாலை வாசிச்சுக்கொண்டு மூண்டாங் கையாலையோ சைன் வைச்சவர்?"

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்ததில் கலியாணமே முடிந்துவிட்டது. நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயால் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சுவேலியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கை இது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

முதலில் எங்கள் கிற்றாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நான் வாங்கும்போதே அதன் கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தது. நாலாவது கம்பியை நாலாவது கட்டத்தில் அமத்தினால் சுரம் வராது. பெயாரிங் தேய்ந்த மோட்டார் மாதிரிக் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பம்ப் என்றால் அன்றைக்கே கழற்றி நிலத்தில் பரப்பியிருப்பேன். இது மரம். மரத்தைக் கழற்றினால் திரும்பப் பூட்ட எனக்குத் தெரியாது. அதனால் அந்த இடம் வரும்போது அமத்தாமல் பாய்ந்துபோகப் பழகிவிட்டேன். குண்டும் கிடங்குமான றோட்டில் சைக்கிளை வெட்டி ஓட்டுகிற மாதிரி.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் பாடுகிற அந்தக் கலியாணக் கீர்த்தனை இருக்கிறதே, அதில் இரண்டாவது வரி இறங்கி வருகிற இடத்தில்தான் அந்தச் சுரம் இருக்கிறது. நான் அதை விட்டுவிட்டு, ஒரு சின்ன இடைவெளி கொடுத்து, அடுத்த சுரத்தைப் பிடிப்பேன். அக்கா என் மடியில் இருந்து கேட்டுத்தான் அந்தப் பாட்டைப் பழகினாள். இடைவெளியோடுதான் பழகினாள். பிறகு நீங்களும் அப்படியே. கலியாணம் முடித்து வந்த புதிதில் உங்கள் அம்மா, "இதென்ன, பல்லு விழுந்த பாட்டாக் கிடக்கு" என்று கேட்டவர். கொஞ்ச நாளில் அவரும் பல்லு விழுந்த பாட்டையே பாடத் தொடங்கினார். உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் அந்தப் பாட்டு அப்படி.

வாசிக்கிற கூட்டாளிகளை உங்களுக்குத் தெரியும். ஒருவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான் ஓட்டுகிறவன். மற்றவன் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்கிறவன். சனிக்கிழமைகளில் ஆலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் மூன்று பேரும் சேர்ந்து வாசிப்போம். பாட்டின் மெட்டை வாசிப்பது நான். அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று தாளத்துக்குக் கம்பிகளைத் தட்டிக்கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு பழக்கம். வாசித்தது பிழைத்தால் கிற்றாரைக் குறை சொல்லுவோம். "நல்ல சாமான் கிடைச்சால் நாங்கள் எங்கையோ நிப்பம், மச்சான்" என்று வான்காரன் சொல்லுவான். மற்ற இரண்டு பேரும் ஓம் என்போம். மெய்யாகவே அதை நம்பியும் இருந்தோம்.

அக்காவின் கலியாணம் பேசி முடிந்தபோது அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். ஆலயத்தில் பொருத்தனை சொல்லி முடிந்த பிறகு, மாப்பிள்ளையும் பெண்ணும் சாட்சிக்காரரும் மேசைக்குப் போய்ப் பதிவில் கையெழுத்து வைப்பார்கள். அந்த நேரம் சபை சும்மா இருக்காமல் ஒரு பாட்டு நடக்கும்.

"அப்பா, நான் கையெழுத்து வைக்கேக்கை நீங்கள்தான் வாசிக்கவேணும். எங்கடை பாட்டு."

சீலை கேட்கவில்லை, சோடிப்புக் கேட்கவில்லை. இதைக் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் பம்ப் கொட்டிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து கலியாணம் என்றால் எனக்கு அந்தப் பாட்டுத்தான்.

இப்போது வருகிறார் அவர். மாப்பிள்ளையின் சித்தப்பா. நெல்லியடிப் பக்கத்தில் பிறந்து, இளவயதிலேயே நோர்வேக்குப் போனவர். அங்கே மண்டபங்களில் தனி ஆளாக இருந்து கிற்றார் வாசிக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். கேள்விப்பட்டதுதான், கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் பலகாரச்சூடு நடந்த அன்று பின்னேரம் அவர் வந்தார். குசினிக்குள் பெண்கள் எல்லாரும் கூடி முறுக்கும் பயித்தம் பணியாரமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்குச் சட்டை தைப்பதற்குக் கூறைச்சேலையைக் கொடுக்க மாப்பிள்ளையின் தாயார் வந்தார். கூட அவரும் வந்தார். மெலிந்த ஆள். வேட்டி கட்டியிருந்தார். வலது கையில் நகம் வளர்த்திருந்தார்.

நாங்கள் நிற்பாட்டினோம்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை. முடியுங்கோ."

முடித்தோம். அவர் தலையை ஆட்டி, "மூண்டு பேரும் ஒரே நேரத்திலை மூச்சு விடுறியள். நல்லாக் கிடக்கு" என்றார். மூச்சைப் பற்றிச் சொன்னாரே தவிர வாசிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

"இவரும் ஒண்டு வாசிக்கட்டன்" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"என்ரையைக் கொண்டு வரேல்லை, அண்ணி. இந்த வெக்கைக்கு அது வெடிச்சுப்போம்." அப்படிச் சொன்னவர் என் பக்கம் திரும்பி, "உங்கடையைத் தாறியளோ அண்ணை?" என்று கேட்டார்.

துடைத்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கிற்றாரை எனக்குத் தெரியும். அது ஒருவருக்கும் அடங்காது.

அவர் கம்பிகளின் சுருதியைக் கூட்டிக் குறைத்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாக மேலிருந்து கீழ்வரை தொட்டுக்கொண்டு வந்தார், புது மெஷின் வந்தால் நான் காது வைத்துக் கேட்கிற மாதிரி. நாலாவது கம்பிக்கு வந்தார். கிர்ர்.

வான்காரன் முழங்கையால் என்னை இடித்தான். அவனுக்கும் அதே சந்தோசம்.

"அவடத்தை அமத்தாதேங்கோ தம்பி. அது பழுது" என்றேன்.

"பரவாயில்லை" என்றார்.

பிள்ளைகள், அவர் வாசித்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிச் சொல்கிறேன். கீழே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். மேலே ஒரு ஆள் பாடிக்கொண்டிருந்தான். இடையில் ஒருவன் மரத்தில் தட்டித் தவில் அடித்துக்கொண்டிருந்தான். கதிரையில் இருந்ததோ ஒரே ஆள். என்ன பாட்டு என்று தெரியவில்லை, தெரிந்த பாட்டு மாதிரியும் இருந்தது. அது மட்டும் என்றால் நான் தாங்கியிருப்பேன். அவர் அந்தக் கிர்ர் என்கிற இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். வேண்டுமென்றே போனார். கந்தசுவாமி கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு இருப்பாரே, அந்த ஒத்து மாதிரி அதை அடியில் ஓடவிட்டு, அதன்மேல் மற்றதையெல்லாம் கட்டினார். நான் இத்தனை வருசமாகப் பயந்து பாய்ந்த கிடங்கில் அந்த மனுசன் இறங்கி நின்று நீந்தினார்.

குசினியில் சத்தம் நின்றது. பெண்கள் மாக்கையோடு வாசலுக்கு வந்தார்கள். தாச்சியில் முறுக்குக் கருகுகிற மணம் வந்தது, ஒருவரும் திரும்பிப் போகவில்லை. சங்கக்கடைக்காரன் தன் கிற்றாரைக் கதிரைக்குப் பின்னால் மெல்லத் தள்ளி வைத்தான், அது உடுப்பில்லாமல் இருக்கிற மாதிரி.

எல்லாரும் அவருடைய விரலைப் பார்த்தார்கள். நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் என்னை அப்படித்தான் பார்ப்பாள். அது என்னுடையது என்று நினைத்திருந்தேன். ஒரு கம்பி அறுந்தால் நல்லது என்று அந்த நேரத்தில் நினைத்தேன். என்னுடைய கம்பிதான், புதுசாகப் போட்டது. அறவில்லை.

அவர் முடித்ததும் மாப்பிள்ளையின் தாயார், "கையெழுத்து வைக்கிற நேரம் இவர் ஒண்டு வாசிச்சால் நல்லா இருக்குமெல்லோ" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. பலகாரம் ருசி என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். இல்லை, அப்பாதான் வாசிக்கிறார் என்று அவள் சொல்லுவாள் என நான் காத்திருந்தேன்.

"அப்பா என்ன சொல்லுறாரோ, அப்பிடி" என்றாள்.

மரியாதைக்குச் சொன்ன பதில்தான். வருங்கால மாமிக்கு முன்னால் வேறு என்ன சொல்லுவாள்? ஆனால் எனக்கு அது கல்லாக விழுந்தது. நான் வாய் திறக்க முந்தி அவர் எழும்பிக் கிற்றாரை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"இல்லை, அண்ணி. அது அண்ணையின்ரை இடம். நான் முன் வாங்கிலை இருந்து கேக்கிறன்."

இடத்தை அவர் பறித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபித்திருக்கலாம். என் இடத்தை எனக்கே தானமாகத் தந்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் நின்று கதைத்தோம்.

"உந்த நகம்தான் விசயம்" என்றான் வான்காரன். "நகம் வளர்த்தால் ஆரும் வாசிக்கலாம்."

"உனக்கு நகம் வளந்தால் சொறியத்தான் உதவும்" என்றான் சங்கக்கடைக்காரன்.

"அவருக்கு அங்கை வேறை என்ன வேலை? வெளியிலை பனி. உள்ளுக்கை இருந்து வாசிக்கவேண்டியதுதானே. நான் விடியவே வான் எடுக்கிறவன்."

"சாமான் நல்லது எண்டால் நாங்களும்..." என்று பழக்கத்தில் தொடங்கினான் சங்கக்கடைக்காரன். பிறகு என் கையில் இருந்த கிற்றாரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அந்தக் கதையை இனி ஒருநாளும் சொல்ல முடியாது என்று மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

வான்காரன் செருப்பைப் போட்டான். "மச்சான், அந்தாள் முன் வாங்கிலை இருக்க நான் வாசிக்கமாட்டன். அந்தாள் எழும்பிப் போனாப் பிறகு வாறன்."

அவன் போய்விட்டான். உள்ளே போய் இருந்தேன். அம்மா ஒரு தட்டில் முறுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"இஞ்சருங்கோ, பொறாமையோ?"

"எனக்கென்ன பொறாமை."

"பின்னை ஏன் முறுக்கைத் தின்னாமல் மாவாக்கிக்கொண்டு இருக்கிறியள்?"

பார்த்தேன். தட்டு முழுக்கத் தூள்.

அடுத்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. வேலையை ஒதுக்கிவிட்டு வாசித்தேன். பாட்டுக்கு இடையிடையே அவர் செய்த மாதிரி ஓட்டங்கள் சேர்த்தேன். நகம் வளர்ப்போம் என்று பார்த்தேன், வளர்ந்த துண்டு ஒரு பம்பின் மூடியைக் கழற்றும்போது முறிந்தது. சங்கக்கடைக்காரன் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "மச்சான், உது கீர்த்தனையோ, கரப்பான்பூச்சி ஓடுறதோ?" என்றான். நான் அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அக்கா ஒரு பின்னேரம் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, உந்த ஓட்டம் ஒண்டும் வேண்டாம். எங்கடை பாட்டை வாசியுங்கோ. அவடத்திலை பாய்வியளே, அதோடை."

வேறு நாள் என்றால் இதைக் கேட்டு நான் குளிர்ந்திருப்பேன். அன்றைக்கு, என்னால் முடியாது என்று தெரிந்து இரங்கிச் சொல்கிறாளோ என்றுதான் நினைத்தேன். பொறாமை வந்தால் காதும் பழுதாகும், பிள்ளைகள். நல்ல சொல் உள்ளே போகும்போது கிர்ர் என்று போகும். ஆனாலும் ஓட்டங்களை எடுத்துவிட்டேன். அவளுடைய பாட்டல்லவா.

வான்காரனைச் சங்கக்கடைக்காரன்தான் கொண்டுவந்தான். "சனத்தைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு வாறது நீதானே. வந்தனி சும்மா நிக்காமல் வாசி" என்று சொன்னானாம்.

கலியாண நாள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள், பார்த்தது நினைவிருக்காது. அக்காவைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மற்றவர்களோடு ஓரத்தில் போய் நின்றேன். அவர் சொன்னபடி முதல் வரிசை வாங்கில் இருந்தார். பொருத்தனை முடிந்தது. மேசையில் பதிவைத் திறந்து வைத்தார்கள். போதகர் தலையை அசைக்க நாங்கள் தொடங்கினோம்.

முதலாம் சரணம். அக்கா கதிரையில் இருந்து பேனையை எடுத்தாள். இரண்டாவது வரி இறங்கி வந்தது. நான் பாய்ந்தேன். அந்த இடைவெளியில் அவள் பேனையை உயர்த்தி, முக்காட்டுக்குள்ளால் என் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்த சுரத்தோடு கையெழுத்து வைத்தாள். வீடியோவில் வடிவாகத் தெரிகிறது, திரும்பப் போட்டுப் பாருங்கள். முன் வாங்கு, நோர்வே எல்லாம் எனக்கு ஒரு நிமிசம் மறந்துபோயிற்று. மாப்பிள்ளையும் கையெழுத்து வைத்தார். இரண்டாம் சரணத்துக்குப் போனோம்.

"பெண்ணின்ரை தகப்பனார் வாங்கோ" என்றார் போதகர்.

யாரோ ஒரு தகப்பனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஓம், பிள்ளைகள். பெண்ணின் தகப்பன்தான் சாட்சிக் கையெழுத்து வைப்பது. என் கலியாணத்தில் உங்கள் அம்மப்பா வைத்தார். போகிற கலியாணம் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாட்டு நடக்கிற அதே நேரத்தில்தான் நான் அங்கே போகவேண்டும் என்று, இவ்வளவு நாளும் ஒத்திகை பார்த்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அம்மா நான் ஏதோ ஒழுங்கு செய்திருப்பேன் என்று இருந்திருக்கிறார்.

"மச்சான், உன்னைத்தான்" என்று குசுகுசுத்தான் வான்காரன்.

"தெரியும்."

"அப்ப போவன்."

"மெட்டு?"

நான் விட்டால் மற்ற இரண்டு பேரும் சும்மா ஜங் ஜங் என்று தட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். வான்காரன் நாடியால் முன் வாங்கைக் காட்டினான். வாசிக்கமாட்டேன் என்று செருப்பைப் போட்டவன் அவன்தான்.

எந்தக் கையில் என் கிற்றார் இனிப் படக்கூடாது என்று நினைத்தேனோ அந்தக் கைக்கே கொண்டுபோய் நீட்டினேன்.

"எவடம், அண்ணை?"

"ரெண்டாம் சரணம். தொடக்கம்."

நான் மீட்டுகிற பிளாஸ்ரிக் துண்டையும் கேட்டு வாங்கினார். தன் நகத்தால் வாசிக்கவில்லை. மேசைக்குப் போய்ப் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தேன். பின்னால் என் பாட்டு நடந்துகொண்டிருந்தது. என் வேகம். ஒரு ஓட்டம் இல்லை, ஒரு தட்டல் இல்லை. என் தடித்த விரல் அடுத்த பிடிக்குப் போக எடுக்கிற சுணக்கம்கூட அப்படியே இருந்தது. நக்கல் பண்ணுகிறாரோ, மரியாதை செய்கிறாரோ என்று எனக்கு விளங்கவில்லை. சபையில் ஒரு தலை திரும்பவில்லை. யாரும் ஒரு வித்தியாசமும் காணவில்லை.

இரண்டாவது வரி இறங்கி வந்தது. பாய்வார் என்று காத்திருந்தேன்.

அந்தச் சுரம் வந்தது. கிர்ர் இல்லை. சுத்தமாக, முழுசாக, கிணற்றுக்குள் ஒரு துளி விழுந்த மாதிரி வந்தது. என் கிற்றாரில் நான் ஒருநாளும் கேட்காத சுரம். என் கை இழுபட்டுவிட்டது. பதிவில் என் பெயரின் கடைசி எழுத்துக் கோட்டுக்குக் கீழே வால் முளைத்துக் கிடக்கிறது.

நான் திரும்பி வந்தபோது அவர் எழும்பிக் கிற்றாரைத் தந்தார். கடைசிச் சரணம் மிச்சம் இருந்தது. வாசித்தேன். பாய்ந்துதான் வாசித்தேன்.

நோர்வேக்குத் திரும்ப முதல் அவர் பயணம் சொல்ல வந்தபோது, "நல்ல கிற்றார், அண்ணை" என்றார். "ஓம்" என்றேன்.

ஆகவே நடுவிலானுக்குப் பதில்: நான் கையெழுத்து வைத்தபோது வாசித்தது அவர். சின்னவளுக்குப் பதில்: அக்கா கையெழுத்து வைத்தபோது வாசித்தது நான். இரண்டு பேரும் சரி. வீடியோவைக் கேட்டால் எங்கே ஆள் மாறுகிறது என்று தெரியும். பல்லு இருந்தால் அவர், விழுந்திருந்தால் நான்.

அவர் அதை எங்கே அமத்தினார் என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் குனிந்து நின்றேன், காமெராவும் மேசையைத்தான் காட்டுகிறது. நாலாவது கட்டத்தின் ஓரத்திலோ, வேறு கம்பியில் கீழே போயோ. எல்லாம் அமத்திப் பார்த்துவிட்டேன். நேற்றும் பார்த்தேன், கிர்ர் என்றது. அக்காவிடம் சொன்னால் ஒரு நிமிசத்தில் நோர்வேக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுவாள். கேட்கமாட்டேன்.

இன்னொன்று. முந்தாநாள் சின்னவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினாள். வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தச் சுரமும் வந்துவிட்டது. பாயாமல் முழுசாகப் பாடினாள். நான் ஒரு மோட்டாரைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு இருந்தேன். பாட்டு அப்படித்தான். சபையிலும் எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள். சரியாகப் பாடுகிற பிள்ளையைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இரவு ஜெபத்தில் நான் வாசிக்கும்போது பாய்ந்து பாடுங்கள். அவர் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு அவருடைய மாதிரிப் பாடலாம்.